பெயர் மட்டும் மிஞ்சிய காண்டாமிருகம்

(சுங்கை சிப்புட்டில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு என்று பொருள். நம் நாட்டில் ஊருக்கும் குன்றுக்கும் விலங்கின் பெயர் வைப்பது பழைய வழக்கம். கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ரயில் நிற்கிற ஒரு நிலையத்தின் பெயர் புக்கிட் பாடாக். பாடாக் என்றால் காண்டாமிருகம். புக்கிட் பாடாக் என்றால் காண்டாமிருகக் குன்று. தினமும் அந்த நிலையத்தில் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நின்று யோசித்திருப்பார்கள்?

அந்தக் குன்றில் இன்று காண்டாமிருகம் இல்லை. அந்தக் குன்றில் மட்டுமல்ல, மலேசியா முழுவதிலும் இல்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி சபாவில் இறந்தது. அது ஒரு பெண் விலங்கு, பெயர் இமான். மிருகக்காட்சிசாலைகளில் வளரும் ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்தைச் சேர்க்காமல், இந்த மண்ணுக்கே உரிய இனத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அது ஏன் போனது, அதிலிருந்து பேராக் மக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பதே இன்றைய தலைப்பு.

ஐந்து இனங்கள்

உலகில் காண்டாமிருகம் ஐந்து வகை. ஆப்பிரிக்காவில் இரண்டு: வெள்ளை, கறுப்பு. ஆசியாவில் மூன்று: இந்தியக் காண்டாமிருகம், ஜாவாக் காண்டாமிருகம், சுமத்திராக் காண்டாமிருகம். இந்திய, ஜாவா இனங்களுக்கு ஒரே கொம்பு. மற்ற மூன்றுக்கும் இரண்டு கொம்பு. சிந்துவெளியில் கிடைத்த முத்திரைகளிலேகூட ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தின் உருவம் இருக்கிறது. அந்த அளவுக்கு மனிதனுக்குப் பழக்கப்பட்ட விலங்கு இது.

இந்த ஐந்தில் இரண்டு இனங்கள் நம் தீபகற்பத்தில் வாழ்ந்தன. ஒன்று ஜாவா இனம், மற்றொன்று சுமத்திரா இனம். சுமத்திராக் காண்டாமிருகம்தான் ஐந்திலும் சிறியது. எடை 500 முதல் 800 கிலோ வரை இருக்கும். பெரிய ஆப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகத்தின் எடையோ 2,000 கிலோவைத் தாண்டும். சுமத்திரா இனத்துக்கு உடலெங்கும் செம்பழுப்பு நிறத்தில் முடி இருக்கும். பனியுகத்தில் வாழ்ந்து மறைந்த கம்பளிக் காண்டாமிருகத்துக்கு நெருங்கிய சொந்தம் அது.

புல்வெளியில் மேய்கிற விலங்கல்ல. அடர்ந்த காட்டில் தனியாகத் திரிந்து இலை, இளங்கிளை, பழம் தின்னும். ஒரு காலத்தில் அசாம் அடிவாரத்திலிருந்து பர்மா, தாய்லாந்து வழியாக மலாயா, சுமத்திரா, போர்னியோ வரை பரவியிருந்தது. இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை 50க்கும் குறைவு என்று கணக்கிடப்படுகிறது. அவை எல்லாம் இந்தோனேசியாவில்தான் இருக்கின்றன.

தடித்த தோல் யாருக்கு?

எதைச் சொன்னாலும் உறைக்காதவனைக் காண்டாமிருகத் தோல்காரன் என்று திட்டுவது தமிழில் உண்டு. மலாய்க்காரர்களும் வெட்கமில்லாதவனை 'மூக்கா பாடாக்' என்பார்கள். இரண்டு மொழியும் சேர்ந்து அந்த விலங்குக்கு அநியாயம் செய்திருக்கின்றன.

காண்டாமிருகத்தின் தோல் தடிப்பானதுதான், ஆனால் உணர்ச்சியற்றதல்ல. வெயில் அதைச் சுடும், ஈயும் உண்ணியும் அதைப் படுத்தும். அதனால்தான் சுமத்திராக் காண்டாமிருகம் பகலில் பெரும்பகுதியைச் சேற்றுக் குழியில் படுத்துக் கழிக்கிறது. சேறு அதற்குக் குடை, அதற்கு மருந்து. சேற்றுக் குழி இல்லாமல் வைத்தால் தோல் வெடித்து நோய் வரும். சபாவில் பாதுகாக்கப்பட்ட புந்துங் என்ற பெண் காண்டாமிருகத்துக்குத் தோல் புற்றுநோய் வந்தது. குணப்படுத்த வழியில்லாமல் 2017 ஜூன் மாதம் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

அடுத்தது கொம்பு. அந்த விலங்கின் உயிருக்கு எமனாக வந்தது அதுதான். மாட்டுக் கொம்புக்குள் எலும்பு இருக்கும். காண்டாமிருகத்தின் கொம்புக்குள் எலும்பு கிடையாது. முழுவதும் கெரட்டின் என்ற பொருள். மனிதனுடைய நகமும் தலைமுடியும் அதே பொருளால் ஆனவைதான். காய்ச்சலுக்குக் கொம்புப் பொடி குடிக்கிறவர், நகம் வெட்டிய துண்டுகளைப் பொடி செய்து குடித்ததாக வைத்துக்கொள்ளலாம்.

சீனா 1993ஆம் ஆண்டிலேயே கொம்பு வணிகத்தைத் தடை செய்து, தன் மருந்துப் பட்டியலிலிருந்தும் அதை நீக்கிவிட்டது. அனைத்துலக வணிகத்துக்கு 1977 முதலே தடை இருக்கிறது. ஆனாலும் கள்ளச்சந்தை ஓயவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2014ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. அது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 2018 ஆகஸ்ட் மாதம் நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலேயே 50 கொம்புகள் பிடிபட்டன. மொத்த எடை 116 கிலோ. கொம்பு போகிற பாதையில் மலேசியாவும் ஒரு நிறுத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேராக்கில் நடந்தது

இந்தக் கதையில் பேராக் மாநிலத்துக்கு இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு.

ஒன்று கோலகங்சார். இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். 1877ஆம் ஆண்டு அங்கே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது. அந்தச் சில கன்றுகளிலிருந்து வந்த பயிர் பின்னாளில் நாட்டின் சமவெளிக் காடுகளை எல்லாம் பால்மரத் தோட்டங்களாக மாற்றியது. காண்டாமிருகத்துக்குப் பிடித்ததும் அதே சமவெளிக் காடு, அதே ஆற்றோரம்தான். காட்டை வெட்டு என்று முடிவு செய்தவர்கள் லயத்தில் இருந்த நம் பாட்டன் பாட்டிமார் அல்லர். அவர்கள் பிரட்டுக்கு நின்று, சொன்ன நிரையில் பால் வெட்டியவர்கள். ஆனால் அந்த மாற்றத்தை மிக அருகில் நின்று பார்த்த சமூகம் இதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும் பார்த்த சமூகம் இதுதான்.

இரண்டாவது இடம் ஒரு சாவு நடந்த இடம். தீபகற்பத்தின் கடைசி ஜாவாக் காண்டாமிருகம் 1932ஆம் ஆண்டு பேராக்கில்தான் சுட்டுக் கொல்லப்பட்டது. அதோடு அந்த இனம் மலாயாவில் முடிந்தது. வியட்நாமில் மிஞ்சியிருந்த கடைசி ஜாவாக் காண்டாமிருகமும் 2010இல் கொம்புக்காகக் கொல்லப்பட்டது. இன்று அந்த இனம் ஜாவாத் தீவின் மேற்கு முனையில் உள்ள உஜோங் கூலோன் காட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஆக, ஓர் இனம் கண்ணெதிரே போய்விட்டது. மற்றதையாவது காப்பாற்ற அப்போதே எச்சரிக்கை எழுந்தது. வேட்டைக்காரராக இருந்து வனவிலங்குக் காவலராக மாறிய தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் ஆண்டுக்கணக்காகப் போராடியதால், 1930களின் முடிவில் பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்த காடு தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. இன்று அதற்குத் தாமான் நெகாரா என்று பெயர். சட்டம் வந்தது, பூங்கா வந்தது. ஆனாலும் இரண்டாவது இனமும் போய்விட்டது. எப்படி?

சுடாமலே அழிந்த கதை

இந்தக் கேள்விக்கான விடைதான் இன்றைய பேச்சின் மையம். கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

சுமத்திராக் காண்டாமிருகம் 15, 16 மாதம் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது ஆகும். வழக்கமாகத் தனியாகத் திரிகிற விலங்கு அது. வேட்டையாலும் காடழிப்பாலும் எண்ணிக்கை குறைந்தபோது, ஒரு மலையில் ஒன்று, அதற்கு அப்பால் இன்னொன்று என்று சிதறிப் போயின. ஆணும் பெண்ணும் சந்திப்பதே அரிதாகிவிட்டது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. இந்த இனத்தின் பெண், ஆணோடு சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளிப்படும். நெடுங்காலம் கன்று ஈனாமல் இருந்தால் அதன் கருப்பையில் கட்டிகள் வளர்ந்துவிடும். பிறகு துணை கிடைத்தாலும் பயனில்லை. அதாவது, ஒரு காட்டில் காவல் போட்டு, ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காமல் பார்த்துக்கொண்டாலும், உள்ளே இருக்கும் விலங்குகள் ஒவ்வொன்றாகக் கிழடாகிச் செத்துப்போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் காடு பத்திரமாக இருப்பதாகவே தோன்றும்.

1984இல் ஒரு திட்டம் தொடங்கியது. சிதறிக் கிடப்பவற்றைப் பிடித்துக் காப்பகங்களில் சேர்த்து இனப்பெருக்கம் செய்வது என்று முடிவானது. 1996 வரை இந்தோனேசியா, தீபகற்ப மலேசியா, சபா ஆகிய இடங்களில் 40 காண்டாமிருகங்கள் பிடிக்கப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் அந்த விலங்கைப் பற்றிய அறிவு போதவில்லை. பல இடங்களில் வைக்கோல் போட்டார்கள், அது இலை தின்னும் பிராணி. ஆண் ஓரிடத்தில், பெண் ஓரிடத்தில் என்று பிரித்து வைத்தார்கள். எந்த நாட்டு விலங்கு யாருக்கு என்ற கணக்கும் குறுக்கே வந்தது. பெரும்பாலானவை கன்று ஈனாமலே இறந்தன.

மலாக்கா மிருகக்காட்சிசாலையில் 1987இல் ஒரு கன்று பிறந்தது. அதுவும் தாய் காட்டில் இருந்தபோதே உருவான கரு. பிறகு சிலாங்கூரில் சுங்கை டூசுன் என்ற இடத்தில் தனிக் காப்பகம் அமைந்தது. 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த காண்டாமிருகங்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மாண்டன. கால்நடைகளுக்கு ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய் காரணமாகச் சொல்லப்பட்டது. தீபகற்பத்தின் முயற்சி அதோடு முடிந்தது.

சபாவில் கடைசிப் போராட்டம் நடந்தது. 2008 ஆகஸ்டில் தாபின் காட்டுக்கு அருகே ஓர் ஆண் காண்டாமிருகம் செம்பனைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. தோட்டத்துக்காரர்கள் அதை அடிக்கவுமில்லை, விற்கவுமில்லை. தகவல் சொன்னார்கள். வனவிலங்கு இலாகா வந்து பத்திரமாகக் கொண்டுபோனது. அதற்குத் தாம் என்று பெயர் வைத்தார்கள். 2011 டிசம்பரில் புந்துங் பிடிபட்டது. கண்ணியில் சிக்கியதால் அதற்கு ஒரு கால் பாதம் இல்லை. 2014இல் இமான் பிடிபட்டது. இரண்டு பெண்களுக்கும் கருப்பையில் கோளாறு. இந்தோனேசியாவோடு சேர்ந்து செயற்கை முறையில் கருவை உருவாக்கலாம் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பேச்சு முடிந்து காரியம் தொடங்குவதற்குள் 2017இல் புந்துங், 2019 மே மாதம் தாம், அதே ஆண்டு நவம்பரில் இமான் என்று மூன்றும் போய்விட்டன.

பணம் இல்லாமல் போகவில்லை. சட்டம் இல்லாமல் போகவில்லை. பாசம் காட்டிய பராமரிப்பாளர்கள் இல்லாமல் போகவில்லை. கைமீறிப் போனது காலம். நூறு விலங்கு இருக்கும்போது செய்ய வேண்டியதை மூன்று இருக்கும்போது செய்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

காலத்தில் விழித்தவர்கள்

உரிய காலத்தில் செய்தால் பலன் உண்டா? நிச்சயமாக உண்டு.

அசாமில் காசிரங்கா என்ற காடு 1908இல் ஒதுக்கப்பட்டது. அப்போது அங்கே இந்தியக் காண்டாமிருகங்கள் மிகச் சில. அந்தக் காவலை விடாமல் தொடர்ந்ததால் 2022 கணக்கெடுப்பில் 2,613 இருந்தன. அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் அவற்றைக் கொண்டுபோய்க் குடியேற்றியிருக்கிறார்கள். நேபாளத்தில் 2021இல் 752 எண்ணப்பட்டன.

சுமத்திரா இனத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் ஓர் ஆண் காண்டாமிருகம் இருந்தது. பெயர் ஈப்பு. நம் ஈப்போவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது சுமத்திராவில் உள்ள ஓர் ஊரின் பெயர். வைக்கோல் தின்ன மறுத்துச் சாகக் கிடந்தது. அத்தி, ஆல் இனத்து இலைகளைத் தருவித்துக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. பிறகு எமி என்ற பெண்ணோடு சேர்த்தார்கள். பல கருச்சிதைவுக்குப் பிறகு, 2001 செப்டம்பரில் அண்டலாஸ் என்ற ஆண் கன்று பிறந்தது. மனிதப் பராமரிப்பில் இந்த இனத்தில் கன்று பிறந்தது 112 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. எமி மொத்தம் மூன்று கன்று ஈன்றது. கடைசிக் கன்றுக்கு ஹராப்பான், அதாவது நம்பிக்கை, என்று பெயர்.

அண்டலாஸும் ஹராப்பானும் பின்னர் சுமத்திராவில் உள்ள வே கம்பாஸ் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே 2012 முதல் 2023 வரை ஐந்து கன்றுகள் பிறந்தன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் உணவு சரியாக இருந்து, ஆணும் பெண்ணும் இளமையிலேயே சேர்ந்தால் இந்த விலங்கு பெருகும் என்பதை அது காட்டிவிட்டது. மலேசியா செய்ய முடியாமல் போனது செய்யவே முடியாத காரியமல்ல.

இறந்துபோன தாமின் தோல் செல்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து ஜெர்மனியின் பெர்லின் நகர விஞ்ஞானிகள் குருத்தணுக்களை உருவாக்கி 2022இல் அறிவித்தார்கள். என்றாவது ஒரு நாள் அதிலிருந்து விந்தணுவும் கருமுட்டையும் வரலாம் என்பது அவர்கள் எண்ணம். வந்தால் மகிழ்ச்சி. ஆனால் சோதனைக் குழாயை நம்பிக் காட்டை விட்டுவிட முடியாது. கன்று பிறந்தாலும் அது போய் வாழக் காடு வேண்டுமல்லவா?

அடுத்தது யார்?

இறந்ததைப் பற்றி அழுவதற்கு இந்த மேடை தேவையில்லை. காண்டாமிருகம் நின்ற வரிசையில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மலாயாப் புலி நிற்கிறது. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று தெரிய வந்தது. அதற்கு மிஞ்சியுள்ள முக்கியமான காடுகளில் ஒன்று பேராக்கின் வடக்கே உள்ள பெலும், தெமெங்கோர் காடு. அதில் 117,500 ஹெக்டேர் 2007இல் ரோயல் பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அதே காட்டை வெட்டிக்கொண்டுதான் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போகிறது. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று விடியுமுன், கிரிக் பகுதியில் அந்தச் சாலையைக் கடந்த யானைக் கன்று ஒன்று லோரியில் அடிபட்டு இறந்தது. லோரிக்கு அடியில் கிடந்த கன்றை விட்டு நகர மறுத்துத் தாய் யானை தலையால் லோரியை முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது. பார்த்தவர்கள் கலங்கினார்கள். கலக்கம் ஒரு வாரம் இருந்தது. அந்தச் சாலையில் இரவில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதற்கு ஒரு வாரம் போதாது.

சுங்கை சிப்புட்டின் கிழக்கே எழுகிற மலைகளும் அந்தக் காடுகளின் தொடர்ச்சிதான். அங்கே ஓராங் அஸ்லி தெமியார் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். காட்டு ஓரத்தில் செம்பனைத் தோட்டங்களும் சிறு நிலங்களும் இருக்கின்றன. பன்றி வந்து பயிரை அழிக்கிறது என்று கம்பிக் கண்ணி வைக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கண்ணிக்குப் பன்றி எது, புலி எது, தெனுக் எது என்று தெரியாது. புந்துங்கின் காலைப் பறித்ததும் அப்படி ஒரு கண்ணிதான்.

ஆகவே இந்த ஊர் மக்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கண்ணியைப் பார்த்தால் வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்வது ஒன்று. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. ஆனால் தகவல் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். புலி நகம், தாயத்து, கொம்புப் பொடி என்று எவர் விற்றாலும் வாங்காமல் இருப்பது இரண்டாவது. கோவிலுக்கு வெளியே விற்றாலும் சரி, வைத்தியர் சொன்னாலும் சரி. மூன்றாவது, சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வாக்குக் கேட்டு வரும்போது, சாலையையும் கால்வாயையும் கேட்கிற அதே வாயால் காட்டையும் கேட்பது.

தாம் செம்பனைத் தோட்டத்துக்குள் வந்தபோது அங்கிருந்தவர்கள் செய்தது அவ்வளவுதான். ஒரு தகவல். அதனால் அந்த உயிர் இன்னும் 11 ஆண்டு வாழ்ந்தது. அந்தத் தகவல் இருபது ஆண்டுக்கு முன்பே, இருபது விலங்குகளுக்காக வந்திருந்தால் இன்றைய பேச்சே வேறாக இருந்திருக்கும்.

கொமுட்டர் ரயில் நிலையத்தில் காண்டாமிருகத்தின் பெயர் எழுதிய பலகை இருக்கிறது. நாட்டில் ஹரிமாவ் என்றும் காஜா என்றும் பெயர் கொண்ட இடங்களும் உண்டு. பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு, "அம்மா, அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். புலிக்கும் யானைக்கும் காட்டைக் கைகாட்டிப் பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.